சினைக் குதிரைகளின் ஈற்றுக்குக் காத்திருத்தல்: கென்டக்கிப் பண்ணைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பெட்டைக் குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழப் பதினொரு மாதங்கள். குட்டி வெளிவரும் கட்டமோ அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஈனும் நாளை நாட்காட்டி கொண்டு உறுதிசெய்ய இயலாமையால், பண்ணையாளர்கள் உடற்குறிகளைக் கொண்டே அதனை உணர்கின்றனர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலப் பண்ணைகளை முன்வைத்து, அக்குறிகள் யாவை, அவை தோன்றாதபோது நேரும் இடர் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெட்டைக் குதிரை, சினைக்காலம், ஈற்று, சீம்பால், ஃபெஸ்க்யூ புல்

முன்னுரை

தொல்காப்பிய மரபியல் பெண் குதிரையைப் ‘பெட்டை’ என்றும் குதிரையின் குட்டியை ‘மறி’ என்றும் வழங்குகிறது. பட்டினப்பாலை கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைக் காட்டுகிறது. எனினும் குதிரை ஈனும் பொழுதைப் பற்றிய நுண்ணறிவு, அவ்விலங்கு பெருந்தொகையாக இனப்பெருக்கம் செய்யப்படும் நிலங்களிலேயே செறிந்திருக்கும். பந்தயக் குதிரை வளர்ப்புக்குப் பெயர்பெற்ற, கென்டக்கியின் லெக்சிங்டன் நகரைச் சூழ்ந்த புல்வெளிப் பகுதி அத்தகைய நிலங்களுள் ஒன்றாகும்.

நாட்காட்டியும் சினைக்காலமும்

சினைக்காலத்தின் சராசரி அளவு 340 நாட்கள் எனினும், 320 முதல் 360 நாட்கள் வரை இயல்பெனவே கொள்ளப்படும். ஒரே பெட்டை ஓர் ஈற்றுக்கும் மறு ஈற்றுக்கும் இடையே பல நாட்கள் வேறுபடக்கூடும். ஆகவே கணக்கிட்ட நாள் காவலைத் தொடங்க உதவுமேயன்றி, ஈனும் இரவைச் சுட்டாது.

வடகோளத்தில் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் சனவரி 1ஆம் நாளே பிறந்தநாளாகக் கொள்ளப்படுவதால், ஆண்டின் தொடக்கத்தில் பிறக்கும் குட்டிக்கு வளர்ச்சியில் முந்துரிமை உண்டு. பெட்டைகள் இயல்பாகப் பகல் நீளும் இளவேனிலிலேயே பருவமடைவன. அதனை முன்னகர்த்த, டிசம்பர் முதலே இலாயத்தில் விளக்கேற்றி நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் தரப்படுகிறது. இதன் விளைவாக, பல ஈற்றுகள் கடுங்குளிர் இரவுகளில் நிகழ்கின்றன, காத்திருப்பும் அவ்விரவுகளுக்குரியதாகிறது.

ஈற்றின் முன்குறிகள்

ஈற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன் மடி பெருக்கத் தொடங்கும். வாலடியின் இருபுறத் தசைகளும் தளர்ந்து குழிவிழும். இறுதி நாட்களில் காம்புகள் நிறைந்து, அவற்றின் நுனியில் மெழுகுத் துளி போலச் சீம்பால் உறையும். எனினும் சில பெட்டைகள் மெழுகு கட்டாமலே ஈனும்; சிலவற்றில் அது பல நாட்கள் நீடிக்கும்.

ஆதலின் மடிநீரில் கால்சியத்தின் அளவைச் சோதனைப் பட்டையால் அளப்பதும் வழக்கம். ஈற்று நெருங்குகையில் அவ்வளவு விரைந்து உயரும். அது குறைவாயிருப்பின் அன்றிரவு ஈற்று நிகழாது என்று பெரும்பாலும் நம்பலாம். இச்சோதனையின் பெரும்பயன், காவலர் எந்த இரவு உறங்கலாம் என்று கூறுவதே.

பெரும்பாலான பெட்டைகள் இரவிலேயே ஈனுகின்றன. ஆளரவம் இருப்பின் தொடக்க நோவைச் சிறிது தள்ளிப்போடவும் அவற்றால் இயலும். எனவே காவல் ஓசையின்றி, பெரும்பாலும் கேமரா வழியாகத் தொலைவிலிருந்தே நடைபெறுகிறது.

அரைமணி நேரம்

பெட்டை வியர்த்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்து எழும். பனிக்குடம் உடைந்தபின் குட்டி 20 முதல் 30 நிமிடங்களில் வெளிவரல் வேண்டும். வெண்ணிறச் சவ்வினுள், ஒன்று சற்று முன்னும் மற்றொன்று பின்னுமாக இரு முன்னங்கால்களும் அவற்றின்மேல் மூக்கும் தோன்றுவதே நேரிய நிலை.

வெண்சவ்வுக்கு மாறாக, வெல்வெட்டுத் துணி போன்ற சிவந்த பை வெளிப்படின் நஞ்சுக்கொடி முன்னதாகவே கருப்பையிலிருந்து பிரிகிறது என்பது பொருள். குட்டிக்குரிய உயிர்வளி அப்போதே தடைப்படுகிறது. கால்நடை மருத்துவர் வந்து சேரும்வரை பொறுத்தல் இயலாது. அங்கிருப்பவரே பையைக் கிழித்துக் குட்டியை வெளிக்கொணர வேண்டும். மாதக் கணக்கான காத்திருப்பின் பயன் இச்சில நிமிடங்களில் தீர்மானிக்கப்படுகிறது.

ஈற்றுக்குப் பின் ஒரு மணியில் எழுதல், இரண்டு மணியில் பாலருந்தல், மூன்று மணியில் நஞ்சு விழுதல் என்பது பண்ணையார் கைக்கொள்ளும் எளிய அளவுகோல். குதிரையின் நஞ்சுக்கொடி வழியே நோயெதிர்ப்பொருள்கள் குட்டிக்குச் செல்வதில்லை. அவற்றைச் சீம்பாலே தருகிறது. குடல் அவற்றை ஏற்பதும் முதல் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

குறிகள் தோன்றாதபோது

கென்டக்கி மேய்ச்சல் நிலங்களில் பரவியுள்ள டால் ஃபெஸ்க்யூ என்னும் புல்லினுள் ஒரு பூஞ்சை வாழ்கிறது. அதன் நச்சு, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டினைக் குறைத்துவிடுகிறது. அதனால் மடி பெருக்காது, மெழுகு கட்டாது, சினைக்காலம் நீளும், நஞ்சுக்கொடி தடிக்கும். காவலர் குறிகளை நோக்கியிருக்க, அவை ஒன்றுமின்றியே ஈற்று தொடங்கிவிடலாம். சிவந்த பை வெளிப்படும் இடரும் அப்போது மிகும். பிறக்கும் குட்டிக்குச் சீம்பாலும் இராது. இதனைத் தவிர்க்கவே சினையின் இறுதி மாதங்களில் பெட்டைகள் அம்மேய்ச்சலிலிருந்து விலக்கப்படுகின்றன.

முடிவுரை

ஈனும் பொழுது பெட்டையின் வசமே உள்ளது. அப்பொழுதை அணுகி அறிய மனிதருக்குக் கிட்டுவன மடியும் காம்பும் மடிநீருமே. ஃபெஸ்க்யூ நச்சு உணர்த்துவதுபோல, குறி தோன்றாமையும் ஒரு குறியாகவே கொள்ளத்தக்கது. நாள் கடந்தும் மடி பெருக்காத பெட்டை, மெழுகு கட்டிய பெட்டையினும் மிகுதியாகக் காக்கப்பட வேண்டியது என்பது இவ்விளக்கத்தால் பெறப்படும் முடிபாகும்.