முன்னணியும் முஸல்லியும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை முதல் பூவிருந்தவல்லிக் கடைத்தெரு வரை வணிக விளம்பரங்களில் பெரிதும் விரும்பப்படும் சொற்களுள் ஒன்று ‘முன்னணி’. அணி என்பது படையின் வரிசை. முன்னணி, களத்தில் முதலில் நிற்கும் படை. இன்று அது போட்டியில் முந்தி நிற்போரைக் குறிக்கிறது. போர்க்களத்துச் சொல்லாதலின், எதிரே நிற்பவர் தோற்க வேண்டும் என்னும் குறிப்பும் அதனுள் தங்கிவிட்டது.

அரபு மொழியில் முந்துபவர் ‘ஸாபிக்’ எனப்படுவார். இது பந்தயக் களத்தோடு தொடர்புடைய சொல். நாம் கிராஅத் போட்டிக்கு வழங்கும் ‘முஸாபகா’ என்பதும் இதே வேரில் பிறந்ததே. பண்டை அரபியர் பந்தயத்தில் ஓடும் பத்துக் குதிரைகளுக்கும் வரிசைப்படி பெயரிட்டிருந்தனர். முதலில் வருவது முஜல்லீ, அடுத்தது முஸல்லீ, இறுதியில் வருவது ஸுகைத். ‘ஸலா’ என்பது குதிரையின் வாலடியை ஒட்டிய பகுதி. முன்னோடும் குதிரையின் அவ்விடத்தைத் தன் தலை ஒட்டிவர ஓடுவதால் இரண்டாவது குதிரை முஸல்லீ ஆயிற்று. நம் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளில் தொழுகையாளிகளைக் குறிக்கும் ‘முஸல்லிகள்’ என்பதும் இதே சொல்வடிவமே. தொழுகையைக் குறிக்கும் ‘ஸலாத்’ என்பதையும் இவ்வேரோடு இணைத்துப் பொருள் கூறிய மொழியறிஞர் உண்டு. வேறு விளக்கங்களும் உள.

பந்தயக் களத்துச் சொல்லைத் திருக்குர்ஆன் நன்மையின் களத்திற்குக் கொண்டுவந்தது. முந்தியோரை அது இறைவனுக்கு நெருக்கமானோர் என்கிறது (56:10-11). நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறு ஏவுகிறது (5:48). வேதத்திற்கு வாரிசாக்கப்பட்டோரை வகைப்படுத்துகையில், நன்மையில் முந்துவோருடன் நடுநிலையாளரையும் தமக்கே தீங்கிழைத்துக் கொண்டோரையும் சேர்த்தே கூறுகிறது (35:32). முந்தியவர் இருப்பதால் பிந்தியவர் வாரிசுரிமையை இழப்பதில்லை. இப்பந்தயத்தின் பரிசோ வானமும் பூமியும் போன்ற விரிவுடைய சுவனம் (57:21). ஒருவர் அதை அடைவதால் மற்றவர்க்கு இடம் குறைவதில்லை.

நபி (ஸல்) அவர்களின் ‘அள்பா’ என்னும் ஒட்டகம் எவராலும் முந்தப்படாததாக விளங்கியது. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் அதனை முந்தியது. தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயரும் எதனையும் இறைவன் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று நபியவர்கள் உணர்த்தியதாக ஸஹீஹுல் புகாரியில் காணலாம்.

சந்தையில் முன்னணிக்கு வர முயல்வது தவறன்று. பிறரை வீழ்த்தியே முந்த வேண்டும் என்னும் எண்ணமே தவறு. ‘ஸாபிக்’ என்பவர் தம் இலக்கை நோக்கி விரைபவர். பின்வருவோர்க்கு வழியை அடைப்பவர் அல்லர்.