கேரித் தீவிலிருந்து ஒரு மென்பொருள் பாடம்

தெலுக் பங்லிமா காராங் வழியாகச் சென்று, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. செம்பனைத் தோட்டங்களும் மாஹ் மெரி மக்களின் மரச் சிற்பங்களுமே பலருக்கும் உடனே நினைவுக்கு வரும். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத வழிவகுத்தவர்களில் ஒருவரான முத்து நெடுமாறன் பிறந்த மண்ணும் அதுதான்.

1985-இல் அவர் தொடங்கிய 'முரசு' மென்பொருள் பின்னர் 'முரசு அஞ்சல்' ஆனது. 2005 பொங்கலின்போது சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியோடு சேர்ந்து 'செல்லினம்' அறிமுகமானது. தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. அவர் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது.

1990-களில் கணினியில் தமிழ் தட்டியவர்களுக்கு ஒரு தலைவலி நினைவிருக்கும். ஓர் எழுத்துருவில் தட்டிய கடிதத்தை இன்னோர் எழுத்துருவில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். காரணம், ஒவ்வொரு எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்திருந்தது. எழுத்தின் எண்ணும் அதன் உருவமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தன.

யூனிகோட் அந்த இரண்டையும் பிரித்தது. 'கெ' என்பதைப் பாருங்கள். கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகிறது. ஆனால் கணினி 'க'வை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது வேறொரு பகுதியின் வேலை. விசைப்பலகை மூன்றாவது பகுதி. அதனால், புதிய எழுத்துரு செய்பவர் விசைப்பலகை செய்பவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மென்பொருள் கட்டமைப்பு என்பது இதுதான். எதை எதோடு சேர்ப்பது, எதை எதிலிருந்து பிரிப்பது என்று தீர்மானிப்பது.

குழுவை நடத்துவதும் இதிலிருந்து வேறல்ல. ஒரு நிறுவனத்தில் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் செய்யும் மென்பொருளும் அப்படியே அமையும் என்று மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார். பணம் வசூலிக்கும் பகுதியைச் செய்பவர்களும் பொருள் அனுப்பும் பகுதியைச் செய்பவர்களும் பேசாவிட்டால், அவர்களுடைய மென்பொருள்களும் ஒத்துப்போகாது.

சைபர்ஜெயாவிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்யும் உங்கள் பிள்ளை 'டீம் லீட்' ஆகியிருக்கிறாரா? நேற்றுவரை நன்றாக நிரல் எழுதியதற்காகப் பாராட்டப்பட்டவர், இன்று எல்லாருடைய நிரலையும் தானே திருத்த உட்கார்ந்தால் குழு முழுவதும் அவருக்காகக் காத்து நிற்கும். யார் எதற்குப் பொறுப்பு, ஒருவர் வேலை எங்கே முடிந்து அடுத்தவர் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை ஒரே தாளில் வரைந்து காட்டுவதுதான் அவருடைய முதல் வேலை.

அடுத்து, முடிவுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நாளைக்கே மாற்றிக்கொள்ளக் கூடியவற்றை இளையவர்களிடம் விட்டுவிடலாம். தகவலை எப்படிச் சேமிப்பது போன்று, மாற்றுவதற்குப் பெரும்பாடு படவேண்டியவற்றை எல்லாரும் கூடிப் பேசி, காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

பழைய எழுத்துருக்களைச் செய்தவர்கள் திறமை இல்லாதவர்கள் அல்லர். அன்றைய கணினியில் ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்ததே 256 இடங்கள்தான். அதற்குள் அவர்கள் தமிழை வாழவைத்தார்கள். ஆனால் அன்றைய முடிவின் விலையை இன்றும் கொடுக்கிறோம். தாத்தா தட்டி வைத்த கவிதையோ கோயில் ஆண்டறிக்கையோ பழைய வட்டில் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம். வட்டு பழுதாகுமுன், இந்த வாரமே அதை எடுத்து யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.