இளவேனிற்காலக் கிராப்பி மீன்பிடிப்பு

இளவேனிற்காலக் கிராப்பி மீன்பிடிப்பு என்பது வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் வாழும் கிராப்பி என்னும் மீன்களை, அவை முட்டையிடக் கரையோரம் வரும் காலத்தில் தூண்டிலிட்டுப் பிடிப்பதாகும். ஐக்கிய அமெரிக்காவின் நடு, தென் மாநிலங்களில் மார்ச்சு முதல் மே வரை இது பரவலான பொழுதுபோக்கு. ஆண்டின் பெரும்பகுதியை ஆழ்நீரில் கழிக்கும் இம்மீன், கரையில் நிற்பவரின் தூண்டிலுக்கு எட்டும் தொலைவுக்கு வருவது இக்காலத்தில்தான். அப்பகுதியின் வானிலை மிகவும் நிலையற்று இருப்பதும் இதே காலத்தில்தான்.

மீன்

கிராப்பிகள் பொமாக்சிசு என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. இப்பேரினத்தில் வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என இரண்டு இனங்கள் உள்ளன. லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு வழக்கை ஒட்டி இவற்றைச் "சாக்-அ-லே" என்பர். "பால்பை" என்பது அதன் நேர்ப்பொருள். நிறத்தைக் கொண்டு இனத்தை அறிவது எளிதன்று. முட்டையிடும் பருவத்தில் வெள்ளைக் கிராப்பியின் ஆணும் கருத்துவிடும். முதுகுத்துடுப்பின் முட்களை எண்ணுவதே நம்பத்தக்க வழி. வெள்ளை இனத்தில் பெரும்பாலும் ஆறு முட்களும், கறுப்பு இனத்தில் ஏழு அல்லது எட்டு முட்களும் இருக்கும். வெள்ளைக் கிராப்பி கலங்கல் நீரைத் தாங்கும். கறுப்புக் கிராப்பி தெளிந்த, நீர்த்தாவரங்கள் உள்ள இடத்தை நாடும்.

நீரின் வெப்பநிலை

கிராப்பியை நகர்த்துவது நாட்காட்டியோ காற்றின் வெப்பமோ அன்று, நீரின் வெப்பநிலையே. நீர் சுமார் 10 பாகை செல்சியசைக் கடந்ததும் மீன்கள் ஆழத்திலிருந்து கரையை நோக்கி வரத் தொடங்குகின்றன. ஆண்கள் முதலில் வந்து அடித்தரையைத் துப்புரவு செய்து கூடு அமைக்கின்றன. சுமார் 16 முதல் 20 பாகையில் பெண்கள் முட்டையிடுகின்றன. டாக்வுட் மரம் பூத்தால் கிராப்பி முட்டையிடும் என்பது தென் மாநிலங்களில் உள்ள நாட்டார் நம்பிக்கை. மரமும் மீனும் ஒரே பருவத்தின் வெப்பத்துக்கு இசைவதால் இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் கயிற்றில் கட்டி நீரில் இறக்கும் ஒரு வெப்பமானி இதைவிடச் சரியாகச் சொல்லும்.

சிறு ஏரியும் குளிர் முகப்பும்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் கிழக்கு மேற்காகக் குறுக்கிடும் பெரிய மலைத்தொடர் எதுவும் இல்லை. ஆகவே கனடாவிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்றும், மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து ஏறும் ஈரமான வெப்பக்காற்றும் தடையின்றி மோதுகின்றன. முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பைக் குளிர் முகப்பு என்பர். அது வரும்போது மேகமும் இடிமழையும் உண்டாகலாம். கடந்த பின் வானம் தெளிந்து, வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும்.

பெரிய நீர்த்தேக்கத்தில் நீரின் அளவு மிகுதி. ஆகவே அது மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும். சிறு ஏரிக்கு அந்தப் பொறுமை இல்லை. இரண்டு மூன்று வெயில் நாட்களில் அதன் ஆழமற்ற குடாக்கள் சில பாகை சூடேறும். ஒரே குளிர் இரவில் அதை இழக்கும். குளிர்ந்த மழைநீர் கலந்தால் வெப்பம் குறைவதோடு நீரும் கலங்கும். நேற்று கூடையை நிரப்பிய கரை இன்று வெறுமையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

அப்போது மீன்கள் ஏரியை விட்டு எங்கும் போய்விடுவதில்லை. பெரும்பாலும் அருகிலுள்ள சற்று ஆழமான சரிவுக்கோ, மூழ்கிய மரக்கிளைகளுக்கோ, படகுத்துறைத் தூண்களுக்கோ பின்வாங்கி, அசையாமல் ஒண்டி நிற்கும். வெப்பம் திரும்பும்போது வடக்குக் கரையை முதலில் பார்ப்பது நல்லது. தெற்கிலிருந்து விழும் வெயில் அங்கே நன்கு படும். வடகாற்று அங்கே குறைவு. தென்காற்று மேற்பரப்பின் இளஞ்சூட்டு நீரை அங்கே தள்ளும்.

கருவியும் முறையும்

மெல்லிய நைலான் நரம்பு, சிறு தக்கை, ஒன்று அல்லது இரண்டு கிராம் எடையுள்ள ஜிக் என்னும் போலி இரை அல்லது உயிருள்ள சிறுமீன் ஆகியவை போதும். கிராப்பி பெரும்பாலும் தனக்கு மேலுள்ள இரையையே எழுந்து கவ்வும். எனவே இரை மீனுக்குக் கீழே போகாதவாறு தக்கையை அமைக்க வேண்டும். குளிர்ந்த நாளில் இரையை ஏறக்குறைய அசைக்காமல் விடுவதே பயன் தரும். மந்தமான மீன் துரத்தாது. இதன் வாய்ச்சவ்வு தாள்போல் மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் தப்பிவிடும்.

கூடும் காவலும்

முட்டையிட்டபின் பெண் மீன் விலகிவிடும். ஆண் மீன் அங்கேயே நின்று, துடுப்பால் நீரை விசிறி முட்டைகளைக் காக்கும். நெருங்கும் எதையும் அது தாக்குவதால் எளிதில் தூண்டிலில் சிக்கும். அதை எடுத்துவிட்டால் பிற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். திடீர்க் குளிரும் இதே கேட்டைச் செய்யக்கூடும்: ஆண் கூட்டைக் கைவிட, முட்டைகளில் பூஞ்சை படரும். நீர்மட்டம் தாழ்ந்தால் முட்டைகள் காய்ந்துபோகும். இதனால் கிராப்பியின் பெருக்கம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடுகிறது. ஒரு மோசமான இளவேனிலின் விளைவு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே பிடிப்பில் தெரியும்.

எனினும் பிடித்ததையெல்லாம் திருப்பி விடுவதும் எப்போதும் நன்மையன்று. இரைகொல்லி மீன்கள் போதாத சிறு குளங்களில் கிராப்பி மிகப் பெருகி, உணவின்றி எல்லாம் குறுகிய உருவிலேயே நின்றுவிடும். இதனால் மிகச் சிறிய குளங்களில் இவற்றை விட வேண்டாம் என மீன்வளத் துறையினர் அறிவுறுத்துவதுண்டு. மறுபுறம், கறுப்புக் கிராப்பியின் உலகச் சாதனை மீன், சுமார் 2.48 கிலோகிராம் எடையுள்ளது, 2020 மே மாதம் டென்னசி மாநிலத்தின் லௌடன் கவுண்டியில் ஒரு குளத்திலேயே பிடிபட்டது. பிடிக்கும் எண்ணிக்கை, நீளம், உரிமம் பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

பாதுகாப்பு

காற்று இதமாக இருந்தாலும் இக்காலத்து நீர் கடுங்குளிராகவே இருக்கும். அதில் தவறி விழுபவருக்கு உடனே மூச்சுத் திணறும். சில நிமிடங்களில் கைகள் செயலிழக்கத் தொடங்கும். கரை அருகில்தானே என்று மிதவைச் சட்டை அணியாமல் சிறு படகில் ஏறுவது இதனால்தான் ஆபத்தானது. கரிம இழைத் தூண்டிற்கோல் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டவுடன் கோலைத் தாழ்த்திக் கரையேறி, கட்டடத்திலோ மூடிய மகிழுந்திலோ தங்க வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் கழித்தே நீருக்குத் திரும்பலாம்.