அறுந்த கயிறும் வளைந்த வட்டமும்

இந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் வேலை, ஒருவர் வேண்டாமென்று சொன்ன பரிசில் தொடங்கியது. 1793-ல் பிரிட்டிஷ் தூதுக்குழு சீனப் பேரரசருக்குக் கொண்டுபோன பொருள்களில் ஓர் எஃகுச் சங்கிலியும் இருந்தது. பேரரசருக்கு அதில் நாட்டமில்லை. கைமாறி இந்தியாவுக்கு வந்த அந்த 100 அடிச் சங்கிலியைத்தான் 1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் விரித்தார்.

வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே நிழல் அமைத்து, தெர்மாமீட்டர் வைத்து அளந்தார்கள். 12 கிலோமீட்டர் கோட்டுக்கு இத்தனை பாடு! காரணம் இருந்தது. முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். முதல் கோட்டில் பிழை இருந்தால் அது நாடு முழுக்கக் கூடவே வரும். சோதிப்பதற்காக 1804-ல் பெங்களூர் அருகே மறுபடி சங்கிலி போட்டார்கள். கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் நான்கு அங்குலம்கூட இல்லை.

கோணம் பார்க்க, லண்டனில் கேரி செய்த தியோடலைட். அரை டன் எடை. அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பெருந்தன்மையாகக் கருவியை அனுப்பிவைத்தார்கள். எதிரிக்கு இருந்த அக்கறை சென்னை அதிகாரிகள் எல்லோருக்கும் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டினம் போகப் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா, அளவை எதற்கு என்று கேட்டவரும் உண்டு.

காவிரிப் படுகையில் குன்றுகள் கிடையாது. தோப்புகள் பார்வையை மறைக்கும். கோயில் கோபுரங்களே கதி. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி பெட்டியோடு சுவரில் மோத, கோணம் காட்டும் வட்டம் வளைந்துபோனது. ஆறாண்டு உழைப்பு அங்கேயே நின்றிருக்கும். லண்டனிலிருந்து இன்னொன்று வரும்வரை லாம்ப்டன் காத்திருக்கவில்லை. பலகையில் சரியான மூன்றடி வட்டம் வெட்டி, அதற்குப் பொருந்தும்வரை உலோகத்தை இழுத்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, ஆறு வாரத்தில் நிமிர்த்தினார்.

பின்னாளில் ஜார்ஜ் எவரெஸ்டின் கருவிகளைப் பழுதுபார்த்தவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைன். எவரெஸ்டின் பெயர் சிகரத்தில் நிற்கிறது. இவர் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு.

1823-ல் ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் லாம்ப்டன் இறந்தார். குமரிமுனையிலிருந்து கிளம்பிய முக்கோணங்களின் வரிசை, சுமார் 2,400 கிலோமீட்டர் கடந்து இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டு முடிந்தபோது ஆண்டு 1841.