ஒரு பல்லுக்கு எட்டாயிரமா?

பல் டாக்டர் என்றாலே ‘பிடுங்குகிறவர்’ என்றுதான் நம்மில் பலருக்கும் நினைப்பு. வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் போகிறோம். போனதும் “எடுத்துடுங்க டாக்டர்” என்று நாமே சொல்லியும் விடுகிறோம். நானும் அந்த நாற்காலி வரை போய் எழுந்து வந்தவள் என்பதால், வாசக சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

2024 பொங்கலன்று கரும்பு கடித்தபோது என் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. பள்ளியில் படிக்கும்போது அடைத்த பல் அது. முதலில் காபி பட்டால் சுரீர் என்றது. பிறகு குடித்து முடித்துப் பத்து நிமிஷமானாலும் வலி நிற்கவில்லை. ராத்திரி படுத்தால் காது வரை இழுத்தது. மாமியார் கிராம்பு கொடுத்தார். கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விடிந்தால் வலியும் கூடவே எழுந்துவிடும்.

எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே கூட எடுக்காமல், “எடுத்துடலாம்மா, ஐந்நூறு ரூபாய்” என்றார். இன்னொருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் பல்லைக் காப்பாற்றலாம், எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ஆகும் என்றார்.

வீட்டில் பஞ்சாயத்துதான். “ஒரு பல்லுக்கு எட்டாயிரமா? இன்னும் முப்பத்தொண்ணு இருக்கே!” என்றார் என் கணவர். (அவருடைய பைக்கில் ஒரு டயர் போனபோது ‘இன்னொண்ணு இருக்கே’ என்று அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.) கையில் இருந்ததோ சீட்டு எடுத்த ஒன்பதாயிரம். ஜூன் மாதம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று பீரோவில் வைத்தது.

“பிடுங்கிப் போட்டா ஒரே நாள்ல தொல்லை விட்டுடும். நான் பிடுங்கலையா?” என்றார் மாமியார். பிடுங்கியது உண்மைதான். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். முதலில் கடலை உருண்டையை விட்டார். அப்புறம் முறுக்கு, அப்புறம் சப்பாத்தி. இப்போது வெற்றிலை பாக்கைக் கூட சின்ன உரலில் இடித்துத்தான் போட்டுக்கொள்கிறார். அவருக்கு அறுபத்திரண்டு வயதுதான். எனக்கு முப்பத்தாறு. அந்த உரல் சத்தத்தைக் கேட்கக் கேட்க, இன்னும் ஒரு இடத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று தோன்றியது.

எதிர் வீட்டு அக்காவுக்கும் பல் தொல்லை. இருவரும் செங்கல்பட்டில் பீச் ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். 1953-லிருந்து இருக்கும் கல்லூரி. கூட்டம் உண்டு, காத்திருக்கத்தான் வேண்டும்.

என்னைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரேயை என்னிடமே காட்டினார். “இங்க பாருங்கக்கா, உள்ளே இருக்கிற நரம்புதான் கெட்டுப் போயிருக்கு. வேர் ரெண்டும் நல்லா இருக்கு, விரிசல் இல்லை. சுத்தியிருக்கிற எலும்பும் நல்லாயிருக்கு. ஈறுக்கு மேல ரெண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் மிச்சம் இருந்தாதான் கேப் பிடிச்சு நிக்கும். உங்களுக்கு இருக்கு.”

“பிடுங்கிட்டா என்ன ஆகும்?” என்று கேட்டேன். எடுத்த இடம் காலியாகவே இருந்தால், பக்கத்துப் பல் அந்தப் பக்கம் சாயுமாம். நேர் மேலே இருக்கும் பல், தாங்க ஆளில்லாமல் மெல்லக் கீழே இறங்குமாம். பிறகு பல் கட்ட நினைத்தால், பாலம் போல் கட்டுவதற்கு இரண்டு பக்கத்திலும் உள்ள நல்ல பற்களைத் தேய்க்க வேண்டும், அல்லது எலும்பில் திருகு வைத்துக் கட்ட வேண்டும். அதற்கு ஆகும் செலவுக்கு முன்னால் ஐந்நூறு ரூபாய் மிச்சமே இல்லை.

வலி தானாக நின்றால் குணமாகிவிட்டது என்றும் நினைக்கக் கூடாதாம். உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். சீழ் பிறகு வேரின் அடியில் சேரும். மாத்திரை வீக்கத்தை அடக்குமே தவிர, பல்லுக்குள் இருப்பதைச் சுத்தம் செய்யாது.

பிடுங்குவதே கூடாது என்று சொல்ல வரவில்லை. எதிர் வீட்டு அக்காவின் பல் வேர் வரை பிளந்திருந்தது. அதை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். அவருக்கு சர்க்கரை உண்டு என்பதால் முதலில் ரத்தம் பார்த்தார்கள். எடுத்த பிறகு பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். அன்று முழுக்கத் துப்பக் கூடாது, சூடாகச் சாப்பிடக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. ரத்தம் உறைந்து மூடிய இடம் திறந்துகொண்டால் வலி உயிரை எடுத்துவிடுமாம். அக்கா சொன்னபடி கேட்டார், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

எனக்கு வேர் சிகிச்சை என்று முடிவானது. கேப் போடுவது வரை ஐந்து தடவை போனேன். மரத்துப்போக ஊசி போட்டதுதான் வலி, மற்றபடி வாயைத் திறந்து வைத்திருந்ததில் தாடைதான் நொந்தது. அந்த ஐந்து நாளும் மதியச் சமையலை மாமியார் பார்த்துக்கொண்டார், முணுமுணுப்போடுதான். ரயில் டிக்கெட், டீ எல்லாம் சேர்த்தும் அந்த எட்டாயிரத்தில் கால் பங்குகூட ஆகவில்லை. பள்ளிக் கட்டணத்துக்குக் குறைந்ததை மே மாதச் சேமிப்பில் சரிக்கட்டினேன்.

கடைசி நாள் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கெட்டுப்போன என் பல் ஆறு வயதில் முளைத்ததாம். எந்தப் பால் பல்லும் விழாமல், வரிசைக்குப் பின்னால் புதிதாக வருவதால், அதையும் பால் பல் என்று நினைத்து, சொத்தை வந்தாலும் ‘விழுந்து முளைக்கும்’ என்று அம்மாக்கள் விட்டுவிடுகிறார்களாம். அது விழாது, போனால் போனதுதான். வீட்டுக்கு வந்ததும் எட்டு வயது மகளை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொன்னேன். அதே பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி. மறுவாரம் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி கூட இல்லாமல், ஒரே தடவையில் அடைத்து அனுப்பிவிட்டார்கள்.

— ஒரு வாசகி, செங்கல்பட்டு