போடியில் வீடும் அட்வான்ஸும்

விடியுமுன்னே போடிநாயக்கனூரிலிருந்து கூலிக்காரர்களோடு ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. அந்தியில் இறங்கி வருகிறவர்களின் வருமானம் ஏலச்செடியின் கையில் இருக்கிறது. ஆடி, ஆவணியில் சூடுபிடிக்கும் காய் எடுப்பு மாசி வாக்கில் ஓயும். கோடையில் வேலை நாட்கள் குறைந்துவிடும். வாடகையோ ஆண்டு முழுவதும் ஒரே தொகை. மதுரையைப் பார்க்கப் போடியில் வாடகை மலிவுதானே என்று சொல்லிப் பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்த மலிவைக் கூலிக்காரர் தொட முடியாமல் வாசலிலேயே மறிப்பது அட்வான்ஸ்தான்.

மாதம் 4,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சாவி வாங்க 40,000 ரூபாய் வேண்டும். முதல் மாத வாடகை, புரோக்கர் கமிஷன், சாமான் ஏற்றுக்கூலி தனி. அன்றாடக் கூலியில் அவ்வளவு சேராது. நூற்றுக்கு 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,200 ரூபாய் வட்டிக்கே போகும். 4,000 ரூபாய் வீடு 5,200 ரூபாய் வீடாகிவிடும். அசலோ வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் கிடக்கும். ஒத்திக்குப் போனால் வாடகையே இல்லையே என்பார்கள். அதற்குக் கையில் இன்னும் பெருந்தொகை வேண்டும். ஒத்தியைப் பதிவு செய்யாமல் வெறும் பத்திரத்தில் எழுதிக்கொள்வது வேறு ஆபத்து. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அது ஏலத்துக்கு வந்தால், கொடுத்த பணத்துக்காக ஒத்திக்காரர் அலைய வேண்டியதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ல் தமிழ்நாடு இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதியச் சொல்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் வாங்கலாம் என்று அதே பிரிவில் ஒரு வழியும் விட்டிருக்கிறது. பிள்ளைகளையும் பாத்திரம் பண்டத்தையும் வைத்துக்கொண்டு வீடு தேடுகிறவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? குடியிருப்பு வீடுகளுக்காவது இந்த விலக்கை எடுத்துவிட வேண்டும்.

வீட்டுக்காரர்களின் பயத்தில் நியாயம் உண்டு. கடன் வாங்கி மாடி எடுத்தவர்கள், அந்த வாடகையை நம்பியே முதுமையை ஓட்டுகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். வாடகை பாக்கி வைத்துவிட்டுக் காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். இரண்டு மாத பாக்கி இருந்தாலே காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றம் போகச் சட்டம் இடம் தருகிறது. மூன்று மாத முன்பணம் அந்த பாக்கியை ஈடுகட்டும். வழக்கு இழுத்துக்கொண்டே போனால் அதை விரைவுபடுத்துவது அரசின் வேலை. அந்தத் தாமதத்துக்கான விலையைக் குடியிருக்க வருகிற எல்லாரிடமும் முன்கூட்டியே வசூலிப்பது அநியாயம். மலையிலேயே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தங்கலாமே என்கிறவர்களும் உண்டு. ரேஷன் அட்டை, வாக்கு, தமிழ்வழிப் பள்ளி எல்லாம் கீழே இருக்க, குடும்பத்தோடு எல்லை தாண்டிக் குடியேறச் சொல்வது எளிது, செய்வது கடினம்.

மூன்று மாத முன்பணமும் இவர்களுக்குப் பெரிய தொகைதான். நகைக்கும் பயிருக்கும் கடன் கொடுக்கும் கூட்டுறவு வங்கிகள், ஒப்பந்தம் பதிந்தவருக்கு இந்த 12,000 ரூபாயையும் குறைந்த வட்டியில் கொடுக்கலாம். தவணைகளைக் காய் எடுப்பு மாதங்களில் மட்டும் வைக்கலாம்.