மூன்றாவது வாரத்தில் தராசு ஏன் நகர மறுக்கிறது?

முதல் வாரத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தது. இரண்டாவது வாரத்தில் முக்கால் கிலோ. மூன்றாவது வாரத்தில் ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு அரைக் கிலோ கூடியிருக்கிறது. எடையைக் குறைக்க முயன்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலரும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்வார்கள். அந்த மூன்றாவது வாரத்தில்தான் ‘நம்ம உடம்பு வாகு அப்படி’ என்று தேற்றிக்கொண்டு, வழக்கமான தே தாரிக்குக்கும் ரொட்டி சானாய்க்கும் திரும்பிவிடுகிறார்கள்.

இது சின்ன விஷயம் அல்ல. மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019இல் நாட்டின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டிருந்தார்கள். 2023இல் அது 54.4 விழுக்காடு. இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் நீரிழிவு, 2019 ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினரிடம் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4 விழுக்காடு. ஆசிய மக்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டும்போதே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அதிக ஆபத்து என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு இதைக் கிலோவில் சொன்னால், 62.6 கிலோவில் எச்சரிக்கை மணி, 75 கிலோவை எட்டும்போது அபாய மணி.

அப்படியென்றால் அந்த முதல் வாரத்து இரண்டரைக் கிலோ என்ன ஆனது? அதில் பெரும்பகுதி தண்ணீர்.

நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. சராசரி உடலில் இந்தச் சேமிப்பு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னுடன் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் ரொட்டியையும் திடீரெனக் குறைத்தால் உடல் முதலில் இந்தச் சேமிப்பில் கை வைக்கிறது. கிளைக்கோஜன் போகும்போது தண்ணீரும் கூடவே போகிறது. தராசு மகிழ்ச்சியான செய்தி சொல்கிறது. பிறகு ஒரு கல்யாண விருந்து வருகிறது. இரண்டு வேளைச் சோற்றில் சேமிப்பு நிரம்புகிறது, தண்ணீரும் திரும்பி வருகிறது. கொழுப்பு இரண்டு முறையும் பெரிதாக அசையவே இல்லை.

கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஒரே இரவில் உண்மையாகவே ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கலோரி என்று வைத்தால், அது 25 ரொட்டிக்கு மேல். நேற்று ஒரு மீ கோரெங் சாப்பிட்டதற்காக இன்று காலை தராசு ஒரு கிலோ கூட்டிக் காட்டினால், அதில் கொழுப்பு மிகக் கொஞ்சம். மீதி உப்பு பிடித்து வைத்த நீரும், குடலில் இன்னும் இருக்கும் உணவும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் நீர் தேங்குவதும் வழக்கம். புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களின் தசைகளும் சில வாரங்கள் கூடுதல் நீரைப் பிடித்து வைக்கும்.

(வியர்வைதான் கொழுப்பு கரைவதன் அடையாளம் என்று நம்பி வயிற்றில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு ஓடுபவர்களுக்கு ஒரு தகவல்: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது. நீராகப் போவது மீதி 1.6 கிலோ மட்டுமே.)

எனவே ஒரு நாள் எடையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தினமும் காலையில், கழிவறைக்குப் போய்வந்த பின், பசியாறுவதற்கு முன் எடை பாருங்கள். ஏழு நாளின் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரின் முதல் வார எடைகள் 78.4, 78.9, 78.1, 78.6, 79.0, 78.3, 77.9. அடுத்த வாரம் 78.2, 77.8, 78.5, 78.0, 77.7, 78.4, 78.3. வாரத்தின் கடைசி நாளில் மட்டும் எடை பார்ப்பவராக இருந்தால், 77.9இலிருந்து 78.3 ஆகிவிட்டதே என்று மனம் உடைந்துபோவார். சராசரியோ 78.5இலிருந்து 78.1க்கு இறங்கியிருக்கிறது. பெண்கள் இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, சென்ற மாதத்தின் இதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

சரி, சராசரியும் மூன்று நான்கு வாரமாக இறங்கவில்லை என்றால்? இங்கேதான் சாப்பாட்டு அளவு வருகிறது.

1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ‘நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவில்லை’ என்று சொன்னவர்களை நியூயார்க் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். சொல்வதை அப்படியே நம்பாமல், ஹைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் கனமான அணுக்கள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்த இரண்டு அணுக்களும் உடலைவிட்டு வெளியேறும் வேகத்தில் உள்ள வித்தியாசம், உடல் எவ்வளவு கரியமில வாயுவை உண்டாக்கியது என்பதைக் காட்டிக் கொடுக்கும். அதிலிருந்து எரிந்த கலோரி தெரியும். 14 நாள்களின் முடிவு: அவர்களின் வளர்சிதை மாற்றம் இயல்பாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணால் அளவு பார்ப்பதில் மனித மூளை அவ்வளவு மோசம். நம் சமையலறையிலேயே சோதித்துப் பாருங்கள். கறிக்கு ஊற்றும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றால் 120 கலோரி. தாளிக்கும்போது யார் கரண்டியால் அளக்கிறார்கள்? போத்தலைச் சாய்ப்பதுதான் நம் பழக்கம். அதில் இரண்டு கரண்டி போனதா நான்கு போனதா என்பது யாருக்கும் தெரியாது. கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் சுமார் 200 கலோரி. கச்சான் ஒரு கைப்பிடி, 30 கிராம், 170 கலோரிக்குக் குறையாது. உப்புப் பார்க்க எடுத்த ஒரு கரண்டி, பிள்ளை மிச்சம் வைத்த அரை இட்லி, அலுவலகத்தில் யாரோ நீட்டிய கறிப்பாப் ஆகிய எதுவும் மாலையில் நினைவுக்கு வராது.

தே தாரிக் தனியாகப் பேச வேண்டிய பொருள். ஒரு கிளாசில் இரண்டு மேசைக்கரண்டி இனிப்புப் பால் விழுந்தாலே 130 கலோரி. காலை, பத்து மணி, மாலை என மூன்று கிளாஸ் குடித்தால் 390. இது ஒரு தட்டுச் சோற்றின் கணக்கு. ஆனால் ‘இன்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டால் நாம் தேநீரைச் சொல்வதே இல்லை, ஏனென்றால் நம் கணக்கில் அது சாப்பாடு அல்ல. ‘குராங் மானிஸ்’ என்று கேட்டு வாங்குவதில் உள்ள லாபத்தை இந்தக் கணக்கில் பாருங்கள். ‘தே ஓ கோசோங்’ குடிக்கப் பழகியவருக்கு அந்த 390 முழுவதும் மிச்சம்.

அளந்து எழுதுவது எப்படி? இருபது, முப்பது வெள்ளிக்குச் சமையலறைத் தராசு கிடைக்கிறது. முதல் வாரம் எதையும் குறைக்காதீர்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, சாப்பிட்டதை மட்டும் எழுதுங்கள். நோட்டுப் புத்தகமோ கைப்பேசிச் செயலியோ, எது தொடர்ந்து கைக்கு வருகிறதோ அது. சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். இரவில் நினைவுபடுத்தி எழுதினால் மேலே சொன்ன நியூயார்க் கதைதான்.

சோற்றில் ஒரு குழப்பம் வரும். வேகாத அரிசி 100 கிராமில் 360 கலோரி. அதே அரிசி வெந்து சோறானால் ஏறக்குறைய 280 கிராம் கனக்கும். 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான். செயலியில் அரிசி என்ற இடத்தில் சோற்றின் எடையைப் போட்டால் கணக்கு மூன்று மடங்கு ஏறிவிடும். சோற்றைத் தட்டில் வைத்து ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். பலருடைய ‘கொஞ்சம் சோறு’ 300 கிராமைத் தாண்டுகிறது. உங்கள் வீட்டுக் கிண்ணத்தில் 150 கிராம் எதுவரை வருகிறது என்று தெரிந்துகொண்டால், பிறகு தராசு இல்லாமல் அந்தக் கிண்ணத்தாலேயே அளக்கலாம். கறிக்கு, சட்டியில் ஊற்றிய மொத்த எண்ணெயை எழுதி, சாப்பிடும் ஆள்களால் வகுத்தால் போதும். கடைச் சாப்பாட்டைத் துல்லியமாக அளக்க முடியாது. ஒரே நாசி லெமாக்கிற்கு ஒவ்வொரு செயலி ஒவ்வோர் எண் சொல்லும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். தவறு இருந்தாலும் ஒரே மாதிரித் தவறாக இருக்கும், மாற்றம் தெரிந்துவிடும்.

எழுதவே பிடிக்காதவர்களுக்கு, சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ இருக்கிறது: தட்டில் கால் பங்கு சோறு அல்லது ரொட்டி, கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்ற புரதம், பாதி காய்கறியும் பழமும். தட்டில் இது எளிது. வாழை இலைக் கடையில் என்ன செய்வது? இலைக்கு ஓரம் கிடையாது, சோறும் ரசமும் கேட்காமலே வந்துகொண்டிருக்கும். முதல் தடவை சோறு வைக்கும்போதே ‘பாதி போதும்’ என்று சொல்லி, இரண்டாம் முறை காய்கறியை மட்டும் கேட்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. நாசி கண்டாரில் ‘பஞ்சிர்’ சொல்வதை நிறுத்தினால் குழம்பில் மிதக்கும் எண்ணெய் நிறையக் குறையும்.

எழுதுவதால் பயன் உண்டா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2008இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,700 பேரிடம் நடந்த ஆய்வில், தினமும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள், எழுதாதவர்களைப்போல் இரு மடங்கு எடை குறைத்தார்கள். எழுதும் பழக்கமுள்ளவர் இயல்பிலேயே ஒழுங்கானவராக இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடம் உண்டு. ஆனாலும் அதை ஒதுக்கித் தள்ள முடியாததற்கு வேறொரு காரணம் இருக்கிறது: பசி.

அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹாலும் அவருடைய சகாக்களும் 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் ஒரு நீரிழிவு மருந்தை எடுத்தவர்களுக்கு, அவர்கள் உணராமலே கலோரி இழப்பாகி எடை குறைந்தது. அந்தத் தரவுகளிலிருந்து கணித்ததில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவழிப்பது நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது. ஐந்து கிலோ குறைத்தவரின் உடல், முன்பைவிட 500 கலோரி அதிகம் கேட்கிறது. தட்டில் சோறு தானாக ஒரு கரண்டி கூடுவது இப்படித்தான். மனஉறுதி குறைந்துவிட்டது என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதில் பொருள் இல்லை. கூடிய அந்தக் கரண்டியைக் கண் பார்க்காது, நோட்டுப் புத்தகம் பார்க்கும்.

காலக்கெடுவையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ, ஆண்டுக்கு ஏறக்குறைய 24 கிலோ என்று பழைய கணக்கு சொல்லும். உடல் இளைக்க இளைக்கச் செலவும் குறையும் என்பதை அது மறந்துவிடுகிறது. ஹாலின் குழு 2011இல் லான்செட் இதழில் வெளியிட்ட திருத்திய கணக்கின்படி, நாளுக்கு 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் ஆண்டில், ஏறக்குறைய முழுவதும் மூன்று ஆண்டில். அதாவது 500 கலோரி குறைப்பவருக்கு முதல் ஆண்டில் பத்துக் கிலோ. ஆண்டு முடிவில் பத்துக் கிலோ குறைந்தவர் தோற்றுவிடவில்லை. தவறு அவருக்குக் கொடுக்கப்பட்ட 24 கிலோ என்ற எண்ணில் இருக்கிறது.

பத்துகூட வேண்டியதில்லை. நீரிழிவின் விளிம்பில் நின்ற 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், உணவைக் குறைத்து வாரம் 150 நிமிடம் நடந்த பிரிவினர் சராசரியாக 5.6 கிலோ குறைத்தார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் அவர்களிடம் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது.

தீபாவளி வாரத்திலும் கல்யாண மாதத்திலும் குறைக்க முயல வேண்டாம். இருக்கும் எடையைக் காப்பாற்றினால் போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். கர்ப்பிணிகளும், உணவைப் பற்றிய கவலை நோயாகவே மாறிய அனுபவம் உள்ளவர்களும் கலோரி எண்ணக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். பழைய மருந்து அளவோடு புதிய சாப்பாட்டு அளவு சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மருந்தின் அளவை மாற்றும் மருத்துவருக்கும், அரசாங்க மருத்துவமனை உணவியல் அதிகாரிக்கும் அது ஓர் இரத்தப் பரிசோதனை அளவுக்கு உதவும்.